வயிறு கல்லாக இருந்தது, ரத்தம் கொஞ்சம்தான் வந்தது

கடிதம் எழுதியவர் பேரையூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 29, தொகுப்பூதியப் பணி. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது கடிதம். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டு, நடந்ததை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

ஓர் இரவு பதினொன்றே முக்காலுக்கு 26 வயதுப் பெண் ஒருவரை மாமியார் ஆட்டோவில் அழைத்து வருகிறார். இரண்டாவது கர்ப்பம், 33 வாரம். மூத்த பிள்ளை அதே நிலையத்தில் சுகப்பிரசவம். சாயங்காலம் ஏழு மணியிலிருந்தே வயிற்று வலி. சூட்டு வலி என்று நினைத்து வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்து, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அரை பேடு நனையும் அளவு. நர்ஸ் வயிற்றில் கை வைத்தால் பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. வலி விட்டுவிட்டு வராமல் நின்றபடியே இருக்கிறது. பி.பி. 150/100, நாடி 112. துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியில் குழந்தையின் துடிப்பு 100-க்குக் கீழே, அதுவும் சரியாகப் பிடிபடவில்லை. அட்டையில் ரத்த வகை பி நெகட்டிவ். இரண்டு வாரத்துக்கு முன் பி.பி. 138/88. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேல்பக்கம்.

மருத்துவருக்கு போன் செய்கிறார். டிரிப் போட்டு மதுரைக்கு அனுப்பச் சொல்கிறார் அவர். 108 வேறு ஒரு விபத்துக்குப் போயிருந்ததால் வந்து சேர 25 நிமிடம். அதற்குள் ஒரு வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய், 'லைன்' என்பதும் இதுதான்) போட்டு ஆர்.எல். டிரிப் ஏற்றி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார். குறைமாத வலியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் வலியை நிறுத்தும் ஐசாக்ஸுப்ரின் ஊசி ஒன்று போடுகிறார். பி.வி., அதாவது விரல் வைத்துப் பார்க்கும் உள்சோதனை, பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த பிறகு உறவினர்கள், 'முதல்ல திருமங்கலத்துல ஸ்கேன் எடுத்துப் பாப்போம், சொந்தக்காரன் கார் வருது' என்று இருபது நிமிடம் வாக்குவாதம். கடைசியில் ஆம்புலன்ஸில்தான் போகிறார்கள். கப்பலூர் தாண்டும்போது பி.பி. 110/70, நாடி 130, 'பி.பி. நார்மலுக்கு வந்துருச்சு' என்று போனில் தகவல் வருகிறது. மதுரை பெரியாஸ்பத்திரியில் பார்க்கும்போது குழந்தைக்குத் துடிப்பு இல்லை. அந்தப் பெண்ணுக்கு ரத்தம் உறையவில்லை. நான்கு யூனிட் ரத்தம், பிளாஸ்மா, ஐ.சி.யூ.வில் இரண்டு நாள். பிழைத்துவிட்டார்.

இப்போது வீட்டார், 'உள்சோதனைகூடப் பண்ணல, ஒரு சொட்டு ரத்தம்தான் போச்சு, அந்த ஊசியாலதான் பிள்ளை செத்துச்சு' என்கிறார்கள். உடன் வேலை செய்யும் மூத்த சிஸ்டர், 'பி.வி. பார்த்துப் பனிக்குடத்தை உடைத்திருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்' என்கிறார். இன்னொருவர், 'ஊசி போட்டதை எழுதாதே, இரண்டு லைன் போட்டதாக ரெஜிஸ்டரில் சேர்த்துவிடு' என்கிறார். 'மேடம், நான் செய்தது தப்பா? ராத்திரி டூட்டி என்றாலே கை நடுங்குகிறது' என்று கடிதம் முடிகிறது.

சிஸ்டர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடுராத்திரி, தனியாள், நச்சரிக்கும் உறவுக்கூட்டம். இந்த மூன்றும் சேர்ந்த நேரத்தில் நாடியும் பி.பி.யும் மணிக்கணக்கோடு உங்களுக்கு நினைவில் நிற்கிறதே, அதிலிருந்தே நீங்கள் எப்படிப்பட்ட நர்ஸ் என்று தெரிகிறது. ஆறுதலுக்காக எல்லாமே சரி என்று சொல்லி அனுப்பமாட்டேன். பெரிய விஷயங்கள் இரண்டைச் சரியாகச் செய்தீர்கள். ஒன்று தவறு. சில விடுபட்டவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் கை சொன்னது சரி

நஞ்சுக்கொடி, பிள்ளை வெளியே வந்த பிறகு பிரிய வேண்டியது. அதற்கு முன்பே கர்ப்பப்பைச் சுவரிலிருந்து கழன்றுகொண்டால் அதைத்தான் அப்ரப்ஷன் என்கிறோம். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ, அதற்கும் குறைவாகவோ வரும். கழன்ற இடத்தில் ரத்தம் தேங்கும். அது சவ்வுக்கும் சுவருக்கும் இடையே வழி கண்டுபிடித்துக் கீழே இறங்கினால் நம் கண்ணுக்குத் தெரியும். வழி கிடைக்காவிட்டால் உள்ளேயே தங்கும். கர்ப்பப்பைத் தசைக்குள்ளும் ஊறும். அப்படி ஊறும்போதுதான் வயிறு பலகையாகிறது, வலி விடாமல் நிற்கிறது. 33 வாரக் கர்ப்பப்பை ஒரு லிட்டருக்கு மேல் ரத்தத்தைச் சத்தமில்லாமல் ஒளித்து வைக்கும்.

ஆகவே வீட்டார் சொல்லும் 'ஒரு சொட்டு ரத்தம்' வெளியே வந்த கணக்கு. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, 'பேடு நனையவே இல்லை' என்று நானே கேஸ் ஷீட்டில் நிம்மதியாக எழுதிய ஒரு பெண்ணுக்கு, பிரசவத்தின்போது பிள்ளைக்குப் பின்னாலேயே ஒரு பேசின் நிறையக் கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. அன்றிலிருந்து பேடைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் வயிறு, பிறகு நாடி.

ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இருபது நிமிடச் சண்டை அதற்காகத்தான் நடந்தது. நஞ்சுக்கொடி மேலே இருக்கிறதா, வாயை அடைத்துக் கீழே இருக்கிறதா என்பதை ஸ்கேன் நன்றாகச் சொல்லும். பிரிந்திருக்கிறதா என்பதில் அது பலவீனமான சாட்சி. புதிதாகத் தேங்கிய ரத்தம் ஸ்கேனில் நஞ்சுக்கொடியைப் போலவே தெரியும். நான்கு அப்ரப்ஷனில் மூன்றை ஸ்கேன் தவறவிடுகிறது என்பதுதான் பாடம். திருமங்கலத்தில் நிறுத்தி எடுத்திருந்தால் 'நஞ்சு நல்லா இருக்கு' என்று ஒரு தாள் கிடைத்து, அதை நம்பி வீட்டுக்கே திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்ரப்ஷனைக் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் நிலையத்தில் இல்லை என்று வருந்த வேண்டாம். அன்று அதைக் கண்டுபிடித்தது உங்கள் கை.

பி.வி. பார்க்காதது பற்றி

கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்தப்போக்கோடு யார் வந்தாலும், நஞ்சுக்கொடி கீழே இல்லை என்று உறுதியாகும் வரை உள்ளே விரல் வைக்கக் கூடாது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்துக் கிடக்கும் பிரீவியாவாக இருந்து விரல் அதன் மேல் பட்டால் குழாயைத் திறந்துவிட்டது போலாகிவிடும். ரத்த வங்கி இல்லாத இடத்தில் அதை நிறுத்த முடியாது. நீங்கள் காத்தது அந்த விதியை.

உங்கள் மூத்த சிஸ்டர் முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். அட்டையில் நஞ்சுக்கொடி மேல்பக்கம் என்று தெளிவாக இருந்தது. வயிறு மிருதுவாக, வலியில்லாமல் ரத்தம் போவது பிரீவியாவின் முகம். இந்தப் பெண்ணுக்கு இருந்தது நேர் எதிர். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் போனில் கேட்டுவிட்டு, ஒரு முறை மெதுவாகப் பார்த்திருந்தாலும் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. வழியிலேயே பிரசவம் ஆகிவிடுமா என்பது ஆம்புலன்ஸில் ஏற்றுமுன் தெரிந்தால் நல்லதுதான். பிள்ளையின் தலை தெரிகிறது, முக்குகிறாள் என்றால் அது வேறு கதை. அங்கேயே கையில் வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் 'பனிக்குடத்தை உடைத்து இங்கேயே முடித்திருக்கலாம்' என்பதை நான் ஏற்கவில்லை. லேபர் வார்டில் நாங்கள் உடைக்கிறோம், உண்மைதான். பக்கத்து அறையில் ரத்தம், மேல் மாடியில் மயக்க மருந்து நிபுணர் என்ற தைரியத்தில் உடைக்கிறோம். அப்ரப்ஷனில் பிரசவம் முடிந்ததும் ஆபத்து முடிவதில்லை. ரத்தம் ஊறிப்போன கர்ப்பப்பை சுருங்க மறுக்கும். உறைவதற்கான சத்துகள் எல்லாம் உள்ளே தேங்கிய கட்டியிலேயே செலவாகியிருக்கும். பிள்ளை இறக்கும் அளவுக்கு நஞ்சு பிரிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி உறையாமல் போகிறது. உங்கள் நிலையத்தின் கட்டிலில், ஒரே லைனோடு, உறையாத ரத்தம் கொட்டியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கடிதம் வேறு.

அந்த ஊசி

தவறு என்றேனே, அது இதுதான். ஐசாக்ஸுப்ரின் கர்ப்பப்பையைத் தளர்த்தும். கூடவே ரத்தக் குழாய்களையும் தளர்த்தும்; நாடியை ஏற்றி, பி.பி.யை இறக்கும். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டுமே வேண்டாத வேலை. போதாக்குறைக்கு, நாடி ஏறினால் அது ஊசியாலா ரத்த இழப்பாலா என்று அடுத்துப் பார்ப்பவருக்குக் குழப்பம். அப்ரப்ஷன் என்ற சந்தேகம் மனசில் வந்துவிட்டால் வலி நிறுத்தும் மருந்து எதுவும் கூடாது. குறைமாத வலியில் வயிறு இறுகும், தளரும், இறுகும். தளரவே தளராத வயிறு குறைமாத வலியில்லை.

பிள்ளை அந்த ஊசியால்தான் இறந்ததா? இல்லை. இதை உங்கள் மனசு சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஊசி போடும் முன்பே துடிப்பு 100-க்குக் கீழே, வயிறு பலகை. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி அப்போதே கழன்றிருக்க வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கிய வலி அது. உங்களிடம் வந்தது ஐந்து மணி நேரம் கழித்து. அந்த நிலையில் பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் இருபது, முப்பது நிமிடத்துக்குள் ஆபரேஷன் தியேட்டரில் வெளியே எடுத்திருக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகக் கோரிப்பாளையம் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஊசி போடாமல் இருந்திருந்தாலும், இரண்டு லைன் போட்டிருந்தாலும், உறவினர்கள் வாதாடாமல் இருந்திருந்தாலும் பிள்ளையின் முடிவு மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த நிமிடங்கள் தாய்க்கானவை.

110/70 நார்மல் இல்லை

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி, 'பி.பி. நார்மலுக்கு வந்துருச்சு' என்பது. 150/100 இருந்த பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் 110/70 ஆனால், பி.பி. குறைக்கும் மருந்தும் கொடுக்கவில்லை என்றால், அந்த 40 எங்கே போயிற்று? ரத்தத்தோடு போயிற்று. நாடி 130 அதைத்தான் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐசாக்ஸுப்ரினும் தன் பங்குக்குக் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.

நிறை கர்ப்பிணியின் உடம்பில் ரத்தம் சாதாரண அளவைவிட ஏறக்குறைய பாதி கூடுதலாக ஓடுகிறது. அதனால் ஒரு லிட்டர் போகும் வரை பி.பி. அசையாமல் நடிக்கும். ஏற்கெனவே பி.பி. கூடியிருந்த பெண்ணிடம் இந்த நடிப்பு இன்னும் மோசம், 'குறைந்தால் நல்லது' என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். நாடியை மேல் பி.பி.யால் வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு, 0.9-ஐத் தாண்டினால் அபாயம். உங்கள் நிலையத்தில் 112-ஐ 150-ஆல் வகுத்தால் 0.75, பயமில்லை என்று சொல்லும். கப்பலூரில் 130-ஐ 110-ஆல் வகுத்தால் 1.2-க்குப் பக்கம். ஒரே பெண், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான இடைவெளி. அதனால் ஒரு தடவை எடுத்த எண்ணை நம்பாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். பேனாவால் வயிற்றில் கர்ப்பப்பையின் மேல் விளிம்பைக் கோடு போட்டு வைப்பது பழைய காலத்துப் பழக்கம்தான், இன்றும் செலவில்லாத நல்ல பழக்கம். கோட்டைத் தாண்டி வயிறு மேலே ஏறினால் உள்ளே ரத்தம் கூடுகிறது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய 138/88-ம் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். 140/90-ஐத் தொடவில்லை, எனவே 'நார்மல்' கட்டத்தில் டிக். முதல் மாதங்களில் இவருக்கு என்ன இருந்தது என்று அட்டையில் பாருங்கள். 110/70-லிருந்து 138/88-க்கு ஏறியிருந்தால், சிறுநீரில் ஆல்புமின் (புரதம்) போகிறதா என்று பார்த்து ஒரு வாரத்துக்குள் திரும்ப வரச் சொல்லியிருக்க வேண்டும். அது உங்கள் டூட்டியில் நடந்ததில்லை. கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

108-க்குக் காத்திருந்த 25 நிமிடம்

இந்த 25 நிமிடம் உங்கள் கையில் இருந்தது. ஒரு பக்கம் டிரிப் ஓட, மறுபக்கம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறைக்கு நான் சொல்வது இது.

இரண்டு கையிலும் லைன், கிடைப்பதில் பெரிய ஊசி: சாம்பல் நிறம், இல்லாவிட்டால் பச்சை. பி.பி. விழுந்த பிறகு நரம்பு கிடைக்காது. ஓடும் ஆம்புலன்ஸில் சுத்தமாகக் கிடைக்காது. லைன் போடும்போதே டிரிப் ஏற்றும் முன் ரத்தம் எடுத்துவிடுங்கள், பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, கூடவே அனுப்ப. அதில் 2 மி.லி.யை மட்டும் எதுவும் கலக்காத சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் கழித்து மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஏழு நிமிடம் ஆகியும் கெட்டியாக உறையவில்லை, அல்லது உறைந்தது தொட்டதும் உடைகிறது என்றால் உறையும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது. லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். 'பெட்சைடில் உறையவில்லை' என்ற ஒரு வரியை நீங்கள் போனில் சொல்லியிருந்தால், அந்தப் பெண் போய்ச் சேரும் முன்பே பிளாஸ்மாவுக்குச் சொல்லிவைத்திருப்பார்கள்.

யூரின் டியூப் போடுங்கள். மணிக்கு 30 மி.லி. வருகிறதா என்று தெரியும், ஆல்புமினும் அதிலேயே பார்த்துவிடலாம். ஆக்ஸிஜன் கொடுக்கலாம். வாய்வழியாக எதுவும் வேண்டாம். மாமியார் சோடா வாங்கி வந்தாலும் தடுங்கள். 34 வாரத்துக்குள் இருப்பதால், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கான டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஒரு ஊசி போட்டு அனுப்ப உங்களுக்கு அனுமதி உண்டு. அதற்காக ஆம்புலன்ஸைக் காக்க வைக்காதீர்கள். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் போடாமல் விட்டேனே என்று கேட்டிருக்கிறீர்கள். பி.பி. 160/110-ஐத் தொட்டிருந்தாலோ, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ போட்டிருக்க வேண்டும். இவருக்கு அந்த அறிகுறிகள் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை, அதில் தவறில்லை. பி.பி. குறைக்கும் மருந்து கொடுக்காததும் நல்லதாயிற்று.

அடுத்தது போன். எங்கே அனுப்புவது என்பதில் ஒரே கேள்விதான்: ரத்தம், தியேட்டர், மயக்க மருந்து மருத்துவர் மூன்றும் இந்த ராத்திரியில் இருக்கின்றனவா? பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அது இல்லாத இடத்தில் இறக்கினால் அங்கிருந்து இன்னொரு ஆம்புலன்ஸ் தேட வேண்டியிருக்கும். சீமாங்க் மையத்து (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை முழுதும் உள்ள அரசு மருத்துவமனை மையம்) லேபர் வார்டு எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பேச வேண்டியதும் ஒரு மூச்சில் முடிய வேண்டும்: '33 வாரம், இரண்டாவது பிரசவம், வயிறு பலகை மாதிரி, குழந்தை துடிப்பு 100-க்குக் கீழே, பி.பி. 150/100, நாடி 112, பி நெகட்டிவ், அப்ரப்ஷன் சந்தேகம், இப்போது கிளம்புகிறோம்.' 'கர்ப்பிணி, லேசா பிளீடிங்' என்று சொன்னால் எதிர்முனையில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

வாதாடும் உறவினர்களிடம் மருத்துவம் விளக்கி ஜெயிக்க முடியாது, நேரமும் இல்லை. 'பிள்ளையைப் பத்தி அப்புறம் பேசுவோம், இப்ப உங்க மருமகள் உசுருக்கு ஆபத்து, ரத்தம் ஏத்தணும், ரத்தம் மதுரையிலதான் இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். குரலை உயர்த்தாமல், குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்று பார்த்து அவரிடம் மட்டும் சொல்லுங்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் கணவனாக இருப்பதில்லை.

ரெஜிஸ்டரைத் தொடாதீர்கள்

போடாத லைனைப் போட்டதாக எழுதவோ, போட்ட ஊசியை மறைக்கவோ கூடாது. ஊசி ஸ்டாக்கில் ஒன்று குறையும். பெரியாஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் 'ஒரு லைனோடு வந்தார்' என்று இருக்கும். ஆம்புலன்ஸ் தாளில் தனியாக இருக்கும். ஓரிடத்தில் பொய் தெரிந்தால், நீங்கள் சரியாகச் செய்ததையும் யாரும் நம்பமாட்டார்கள். அன்றைய பரபரப்பில் எழுத விட்டுப்போனது ஏதாவது இருந்தால், பழைய வரிகளுக்கு நடுவில் நுழைக்காமல், கடைசி வரிக்குக் கீழே, 'பின்னர் எழுதியது' என்று இன்றைய தேதி, நேரம், கையெழுத்தோடு எழுதுங்கள். ஊசி பற்றி, 'குறைமாத வலி என்ற சந்தேகத்தில் கொடுக்கப்பட்டது' என்பதே உண்மை, அதுவே உங்களுக்குப் பாதுகாப்பும்கூட.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்துக்கு: தீர்மானிப்பதில் ஏற்பட்ட பிழை வேறு, குற்றவியல் அலட்சியம் வேறு என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்திருக்கிறது, வழக்குத் தொடருமுன் அந்தத் துறை தெரிந்த, சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நிலையத்துக்கு வந்து யாராவது கைநீட்டினால் அதற்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் நடந்ததை எழுத்தில் உங்கள் மருத்துவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். அவர் போனில் சொன்னதையும், சொன்ன நேரத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

அந்த வீட்டுக்குப் போகும்போது

போக வேண்டும் என்கிறீர்கள். போங்கள், தனியாக வேண்டாம். கிராம சுகாதார செவிலியரோடு போங்கள், முடிந்தால் மருத்துவரும் வரட்டும். மாமியார், வளைகாப்புக்கு அலைந்ததுதான் காரணம் என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் எங்கள் துறைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 1775-ல் எட்வர்ட் ரிக்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு 'ஆக்சிடென்டல் ஹெமரேஜ்' என்று பெயர் வைத்தார். பிரீவியாவில் ரத்தப்போக்கு தவிர்க்க முடியாதது, இது எதிர்பாராமல் நேர்வது என்று பிரித்துக்காட்ட. அந்தப் பெயர் வார்டுகளில் இன்றும் காதில் விழுகிறது. கேட்கிற ஜனம், ஆக்சிடென்ட் என்றால் எங்கே விழுந்தாள் என்று தேடுகிறது. வயிற்றில் பலமாக அடிபட்டால் நஞ்சு பிரியும்தான். ஆனால் பஸ்ஸில் போனதாலோ பப்பாளி தின்றதாலோ பிரியாது. முன்பு ஒரு முறை வந்திருப்பது, பி.பி., புகையிலை, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். பத்தில் ஏழு பேருக்கு எந்த அபாய அடையாளமும் இல்லாமலே வருகிறது. இதை மாமியார் எதிரிலேயே, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

'செத்த பிள்ளைக்கு ஏன் ஆபரேஷன் பண்ணி எடுக்கல, வலியோட பெத்தெடுக்க வச்சாங்க' என்றும் கேட்பார்கள். ரத்தம் உறையாத உடம்பில் கத்தி வைத்தால் தாயையும் இழந்திருக்கலாம், அதனால்தான்.

பிள்ளை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அந்தப் பெண்கள் அதில் உடைந்துபோகிறார்கள். இறுக்கமான உள்ளாடை, ஈரத்துணி ஒத்தடம், வலி மாத்திரை போதும், பி.பி. இருந்த உடம்பு என்பதால் பால் வற்றும் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். ஆறு வாரம் வரை பி.பி. பாருங்கள். அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கைந்து. குறைவுதான், ஆனால் மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் நாள் தள்ளியவுடன் பதிவு, 12 வாரத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி மகப்பேறு மருத்துவரின் முடிவு, பிரசவம் சீமாங்க் மையத்தில். வலி வந்தால் சீரகத் தண்ணீருக்கு முன் 108.

கடைசியாக ஒன்று. அட்டையில் பி நெகட்டிவ் என்று படித்ததும், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பினேன்; மற்ற சிஸ்டர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். நெகட்டிவ் வகைத் தாய்க்கு அப்ரப்ஷனில் பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கலாம். அடுத்த பிள்ளையைத் தாக்கும் எதிர்ப்பொருள் தாயின் உடம்பில் உருவாகாமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இறந்து பிறந்த பிள்ளையின் ரத்த வகை பார்க்காமல் விட்டிருந்தாலும் போட்டுவிட வேண்டும். ஐ.சி.யூ. பரபரப்பில் இது விட்டுப்போகக்கூடிய ஊசி. தவறிப்போனால் பத்து நாளுக்குள் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் மூன்றாம் நாள் தேதியோடு அது எழுதியிருப்பதாக நீங்கள் பதில் அனுப்பினீர்கள். அந்தச் சீட்டு தொலைந்துபோகும். தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், 'அப்ரப்ஷன்' என்றும் ஆன்டி-டி போட்ட தேதியையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.